உப்பை விரட்டிய மூன்று வருடம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, ஆதாரம் கையில் இருக்கிறது. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமலேயே அதைச் சுற்றி மூன்று வருடம் ஓர் அழகான ஆராய்ச்சி செய்து, அதைப் பதினெட்டு ஸ்லைடுகளாக்கி, ஒரு மண்டபம் நிறைய வேதியியலாளர்கள் முன்னால் கலர் கலராகக் காட்டியவன் நான். சாதாரண முட்டாளுக்கு இவ்வளவு உழைப்பு வராது.

புதிதாக வெள்ளை அங்கி மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்காக எழுதச் சொன்னவர்கள் என் சாதனைகளைத்தான் கேட்டார்கள். அவற்றை நான் ஓய்வுபெற்ற அன்று விருந்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் ஆனது. அதில் ஒரு நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. ஆகவே சாதனைகளை விட்டுவிட்டு, என் தலையில் நானே போட்டுக்கொண்ட கல்லைப் பற்றிச் சொல்கிறேன். அதில்தான் உங்களுக்கு ஏதாவது கிடைக்கும்.

கோலா சிலாங்கூர் பக்கம், கடலோரமாக இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் வேதியியலாளர். ஆலைப் பெயர் வேண்டாம், பாவம், அது என்ன செய்தது. பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவு நீர் வரிசையாகக் குளங்களில் தங்கி, நுண்ணுயிர்கள் தின்றதில் தெளிந்து, கடைசிக் குளத்திலிருந்து ஒரு கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகும். கடல் நீர் தோட்டத்துக்குள் ஏறாமல் தடுக்க நீளமாக ஒரு மண்கரை உண்டு. எல்லாரும் பண்டு என்போம். கால்வாய் அந்தப் பண்டைத் தாண்டும் இடத்தில் ஒரு மதகு. மதகுக்கு வெளியே, கடல் பக்கம், 'மாதிரி எடுக்குமிடம்' என்று ஒரு பலகை நின்றது. ஏன் அங்கே நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நட்டுவிட்டார்கள், ஆகவே அதுவே சட்டம்.

வாரம் ஒரு முறை அந்த இடத்துத் தண்ணீர் போத்தலில் வரும். அதில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று நான் பார்ப்பேன். ஆக்சிஜன் தேவைச் சோதனை என்று சொல்வோமே, அதுதான்: தண்ணீரில் உள்ள அழுக்கை எரித்துத் தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று கணக்கிடுவது. எண் பெரிதாக வந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பொருள். படிப்பில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், இந்தச் சோதனைக்கு ஓர் எதிரி உண்டு. உப்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் அதுவும் அழுக்கு மாதிரி நடித்து எண்ணை ஏற்றிவிடும். அதைக் கட்டிப்போடப் பாதரச சல்ஃபேட் சேர்ப்போம்.

என் போத்தல்களில் உப்பு இருந்தது. கொஞ்சம் நஞ்சமல்ல. வழக்கமான அளவு பாதரச சல்ஃபேட் போதவில்லை. வேறு ஒருவனாக இருந்தால் அங்கே நின்று யோசித்திருப்பான். நான் உற்சாகமாகிவிட்டேன். ஆகா, ஒரு சிக்கல்! எந்த வரிசையில் சேர்ப்பது, எவ்வளவு நீர்த்துப்போகச் செய்வது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று மூன்று வருடம் மாற்றி மாற்றிப் பார்த்து, உப்பின் தொல்லை துளியும் இல்லாமல் அளக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். நல்ல முறைதான், இன்றும் சொல்வேன். அந்த முறையில் அளந்தால் எங்கள் தண்ணீர் அவ்வளவு சுத்தம். வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். என் கல்யாணப் படத்தைக்கூட அத்தனை முறை பார்த்ததில்லை. என் மனைவி இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இதற்கிடையில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் அதே பலகை அருகே தண்ணீர் எடுத்து, எங்கள் ஆலைக் கழிவு சரியாகத் தெளியவில்லை என்று ஓர் ஆய்வறிக்கை எழுதியிருந்தார். அவர் எண் என் எண்ணைவிடப் பல மடங்கு. மேனேஜர் அறிக்கையை என்னிடம் நீட்டினார். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். உப்பைக் கழிக்கத் தெரியாமல் அளந்திருக்கிறார், அவ்வளவுதானே! அவருடைய துறைத் தலைவருக்கு நான்கு பக்கத்தில் பதில் எழுதினேன். மிகவும் மரியாதையான கடிதம். மரியாதையாக ஒருவரை எவ்வளவு கேவலப்படுத்த முடியுமோ அவ்வளவும் அதில் இருந்தது.

பிறகுதான் அந்தக் கருத்தரங்கு வந்தது. பல்கலைக்கழக வேதியியலாளர்களும் ஆலை வேதியியலாளர்களும் ஒரே மேடையில் பேசும் ஆய்வரங்கு, கோலா சிலாங்கூரிலேயே ஒரு ஹோட்டல் மண்டபத்தில். என் உப்பு முறையைப் பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். மேனேஜர் பெருமைப்பட்டு, கைதட்ட ஆள் வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தையே வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆய்வுக்கூடம் என்றால் நானும், மேரியும், இரண்டு எழுத்தர்களும்.

மேரியைச் சொல்ல வேண்டும். ஆரோக்கிய மேரி, எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். மாதிரி எடுப்பது, போத்தல் கழுவுவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், அதே கண்டிப்பு போத்தல்களிடமும். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தால் பிய்த்து மறுபடி ஒட்டுவார்.

காலையில் காப்பி மேசையில் கறிபாப் பலகாரம் எடுக்கக் கை நீட்டியபோது முதுகுப்பை மாட்டிய ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார். முப்பது வயது இருக்கலாம். யாரோ மாணவி என்று நினைத்துத் தட்டை நீட்டினேன்.

"எடுத்துக்கம்மா, சூடா இருக்கு."

"நீங்கதான் சந்திரன் சாரா? அந்த லெட்டர் எழுதினது?"

"எந்த லெட்டர்? நான் லவ் லெட்டரே எழுதினதில்லியே."

அவர் சிரிக்கவில்லை. "நாலு பக்கம் சார். மூணாவது பக்கத்துல 'மாணவர் நிலைப் பிழை'ன்னு எழுதியிருக்கீங்க. நான் பவானி."

நீட்டிய தட்டைக் கீழே வைத்தேன். அந்த அறிக்கையை எழுதிய டாக்டர் பவானி என்றால் வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக ஓர் ஆளை மனத்தில் வைத்திருந்தேன். பவானி என்ற பெயரை வைத்துக்கொண்டு ஏன் வழுக்கைத் தலையைக் கற்பனை செய்தேன் என்று கேட்காதீர்கள். முட்டாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"ராசா ஊர்ப் பக்கமா நீங்க? பேச்சுல தெரியுது," என்றேன், பேச்சை மாற்ற.

"ஆமா சார், ராசாதான். சார், உங்க லெட்டரப் பாத்துட்டு எங்க டிபார்ட்மெண்ட்ல அந்த ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கச் சொல்றாங்க. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஈமெயில் பண்ணணும். வாபஸ் வாங்கிட்டா அடுத்த வருஷம் இந்த வேல எனக்கு இல்ல. காண்ட்ராக்ட்லதான் இருக்கேன்."

"ஐயோ, அதுக்கு நான் என்னம்மா பண்றது? நம்பர் நம்பர்தானே?"

"அதான் சார். உங்க பேச்சக் கேக்கத்தான் வந்தேன்," என்று காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கறிபாப்பைத் தொடவில்லை.

எனக்கு வருத்தம்தான். ஆனால் எப்படிப்பட்ட வருத்தம் தெரியுமா? பந்தயத்தில் ஜெயித்தவன் தோற்றவனைப் பார்த்துப் படுவானே, அந்த வருத்தம். அதில் சர்க்கரை போட்டிருக்கும்.

பேச்சு பிரமாதமாகப் போனது. அங்கே எல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். உப்பு எப்படி ஏமாற்றும், அதை நான் எப்படி விரட்டினேன் என்று இரண்டு ஜோக்கோடு சொன்னேன். மாதிரி எடுத்த நேரங்களையும் ஓர் அட்டவணையாகக் காட்டினேன். ஒரு வாரம் காலை எட்டே முக்கால், அடுத்த வாரம் மதியம் இரண்டே கால், அதற்கடுத்துக் காலை எட்டு மணி. 'எந்தச் சார்பும் இல்லாமல், தற்செயலான நேரங்களில் எடுக்கப்பட்டவை' என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். மேரியின் பதிவேட்டில் அப்படிச் சிதறிக் கிடந்ததைப் பார்த்து, என் ஆய்வுக்கூடம் புள்ளியியல் முறைப்படி இயங்குகிறது என்று நானே நெகிழ்ந்துபோயிருந்தேன். கடைசி வரிசையில் மேரியும் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கைதட்டல். கேள்வி நேரம். பவானி எழுந்தார்.

"உங்கள் முறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. நானும் அதே பலகையருகில்தான் எடுத்தேன். என் மாதிரிகளில் கழிக்கிற அளவுக்கு உப்பே இல்லை. உங்கள் மாதிரிகளில் அவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது?"

தம்பி தங்கைகளே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடம் அந்த உப்போடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எங்கிருந்து வருகிறாய் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

மேடையில் நின்றால் வாய் சும்மா இருக்காது. "செம்பனைப் பழத்திலேயே இயற்கையாக உப்புச் சத்து உண்டு," என்றேன். பொய்யில்லை, கொஞ்சம் உண்டு. முன்வரிசையில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். பவானி நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஆனால் சொல்லும்போதே எனக்கே கணக்கு உதைத்தது. பழத்து உப்பு என்றால் அவருடைய போத்தலிலும் இருக்க வேண்டுமே? ஒரே ஆலை, ஒரே கால்வாய், ஒரே பலகை. அந்தப் பழங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பயந்து உப்பில்லாமல் காய்த்தனவா?

மதியச் சாப்பாட்டு வேளையில் மேரியைத் தேடிப் போனேன். தட்டில் மீஹூன் சேமியா வைத்துக்கொண்டு நல்ல மனநிலையில் இருந்தார்.

"சூப்பர் சார். எல்லாரும் கை தட்டினாங்க. அந்த டேபிள் நான் எழுதினதுதானே?"

"ஆமா மேரி. உன் டேபிள்தான். ஒண்ணு கேக்கணும். தண்ணி எடுக்கப் போற நேரத்த எப்படி முடிவு பண்ற? வாரா வாரம் மாத்தி மாத்தி எழுதியிருக்கியே?"

"பாசாங் பாத்துத்தான் சார்."

பாசாங் என்றால் கடல் ஏற்றம். கடலோரத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் ஒரே சொல். மேரி போனை எடுத்துக் காட்டினார். தூண்டில் போடப் போகும் அவருடைய கணவர் போட்டுக் கொடுத்த ஏற்ற வற்ற அட்டவணை, நாள்வாரியாக, நிமிடம் தவறாமல்.

"தண்ணி நல்லா ஏறி பண்டு வரைக்கும் நிக்கும்லா, கரெக்டா அந்த நேரத்துக்குப் போயிருவேன். குனிஞ்சு மொண்டா போதும். மூணு வருஷத்துல ஒரு வாரம்கூட தப்புனதில்ல சார்."

"யாரு உன்ன அப்படிப் போகச் சொன்னது?"

மேரி முள்கரண்டியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் சார். மொத மாசம் தண்ணி வத்துன நேரத்துல போயி, முட்டி வரைக்கும் சேத்துல மாட்டி, ஒத்த பூட்ஸோட வந்து நின்னேன்ல? நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. 'ஏன் மேரி, தண்ணி எடுக்கச் சொன்னா தோட்டத்தையே அள்ளிட்டு வந்திருக்கியே, இனிமே தண்ணி மேல ஏறி வர நேரமாப் பாத்துப் போ'ன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். அது என் பேச்சேதான், தொனிகூட. ஒரு ஜோக்கை நான் சொல்லி மறந்துவிட்டேன், ஒரு நல்ல ஊழியர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு மூன்று வருடம் ஒரு நிமிடம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார். கடல் ஏறி வந்து கால்வாயை நிரப்பி நிற்கும் வேளையில் மொண்ட தண்ணீர். நான் அளந்தது மலாக்கா நீரிணையை. அதிலிருந்த உப்பைத்தான் பாதரசம் போட்டுப் போட்டு விரட்டினேன்.

நான் என்ன மலைநாட்டிலிருந்து வந்தவனா? இந்தக் கடலோரத்துக்காரன். வாராவாரம் சுங்கை செம்பிலாங்கில் மீன் வாங்க நிற்கிறவன். தண்ணீர் ஏறினால்தான் படகு வரும் என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொல்கிறவன். ஆய்வுக்கூடக் கதவைத் திறந்து உள்ளே போனதும் அந்த அறிவை அங்கியோடு சேர்த்து ஆணியில் மாட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

"என்னா சார், தப்பா?" மேரியின் முகம் மாறியது.

"ஒன் தப்பு ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயில் பொரித்த கோழி, அயாம் கோரேங், இருந்தது. மென்று முடிக்கும்வரை என்னையே பார்த்தார்.

"உறுதியா தெரியுமா சந்திரன்?"

"அளந்து பாக்கல. ஆனா வேற வழியே இல்ல."

"அளக்கலன்னா ஏன் இன்னிக்குச் சொல்லணும்? திங்கக்கெழம போய் அளங்க. அப்புறம் பேசிக்கலாம்லா."

நியாயமாகத்தான் பட்டது. அறிவியல்கூட அதைத்தானே சொல்கிறது, அளக்காமல் பேசாதே என்று. ஆனால் திங்கள் திங்கள்தான். ஐந்து மணி அன்றைக்கே இருந்தது. மண்டபத்தின் மூலையில் பவானி மடிக்கணினியைத் திறந்துவைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தார். ஏதோ தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தார்.

"அந்தப் பொண்ணு அஞ்சு மணிக்கு ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கப் போகுது சார். என் லெட்டரால."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். குரலைத் தாழ்த்தினார். "சரி. சொல்லியே ஆகணும்னா, ஒதவியாளர் நேரம் மாத்தி எடுத்துட்டாங்கன்னு சொல்லிருங்க. சின்ன விஷயமா முடிஞ்சிரும். உங்க பேரும் கெடாது. தலைமையக வேலைக்கு உங்க பேரப் போட்டிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்."

உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. அதை யோசித்தேன். ஒரு முழுத் தட்டு மீஹூனைத் தின்று முடிக்கும் நேரம் யோசித்தேன். பார்த்தால் அது பொய்கூட இல்லை. நேரம் பார்த்து எடுத்தது உதவியாளர்தானே? ஒரு வாக்கியத்தில் பாதியை மட்டும் சொன்னால் போதும். நம் தொழிலில் பெரிய பொய்கள் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன: எல்லாம் சரியான எண்கள், ஒன்று மட்டும் எழுதாமல் விட்டது. எதிர் மேசையில் மேரி தன் தட்டைத் தானே எடுத்துப்போய்ப் பணிப்பெண்ணிடம் கொடுத்து, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹோட்டலில்!

சாப்பாட்டுக்குப் பின் பேச்சாளர்கள் எல்லாரும் மேடையில் வரிசையாக உட்கார்ந்து விவாதிக்கும் நிகழ்ச்சி. எனக்கும் பவானிக்கும் நடுவே ஒரு பேராசிரியர், சண்டை வந்தால் தடுப்பதற்கோ என்னவோ. என் முறை வருவதற்கு முன்பே மைக்கைப் பிடுங்கினேன். பயம் வந்தால் எனக்கு ஜோக்தான் வரும். அது என் நோய்.

"பெரியோர்களே, காலையில் நான் மலாக்கா நீரிணையைப் பற்றி ஓர் ஆய்வு சமர்ப்பித்தேன். கடல் நலமாக இருக்கிறது. எங்கள் ஆலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு, நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், நிறுத்தினார்கள். மீதியை ஜோக் இல்லாமல் சொன்னேன். மாதிரிகள் எல்லாம் கடல் ஏற்றத்தில் எடுக்கப்பட்டவை. அப்படி எடுக்கச் சொன்னது நான். என் உதவியாளர் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தவர். 'தற்செயலான நேரங்கள்' என்று நான் காட்டியது ஏற்ற வற்ற அட்டவணை. டாக்டர் பவானி உப்பைக் கழிக்கத் தவறினார் என்று நான் எழுதிய கடிதம் தவறு. அவர் தண்ணீரில் கழிக்க உப்பில்லை. கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், இன்று ஐந்து மணிக்கு முன் எழுத்திலும் தருவேன்.

முன்வரிசையில் மேனேஜர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவானி என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கூட்டத்தைப் பார்த்து, மெதுவாக மடிக்கணினியை மூடினார். கடைசி வரிசையில் மேரி மட்டும் தனியாகக் கைதட்டினார். இதற்கெல்லாம் தட்டக்கூடாது என்று பக்கத்து எழுத்தர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஹோட்டல் வரவேற்பறையிலேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். இம்முறை நான்கு பக்கம் ஆகவில்லை. ஐந்து வரி. நாலரை மணிக்கு அனுப்பினேன். திரும்பும் வேன் ஜெராம் ஊரைத் தாண்டியது. பிறகு மேனேஜர் திரும்பாமலேயே, "அளந்துட்டு வந்து சொல்லுங்க," என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் ஆய்வுக்கூடக்காரர்கள், முடிவு தெரியாமல் தூக்கம் வராது. ஆகவே முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் வற்றிய நேரத்தில் எடுத்த தண்ணீரை இரண்டாகப் பங்கிட்டு, பாதியை நானும் பாதியைப் பவானியும் அளந்தோம். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. அது அவருடைய பழைய எண். கடைசிக் குளத்தில் வண்டல் அடைத்து, கழிவு தங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று கேட்காதீர்கள். மேனேஜர் எண்ணைப் பார்த்தார், தோண்டும் இயந்திரத்துக்குப் போன் போட்டார். பவானியின் அறிக்கை வாபஸ் ஆகவில்லை, வேலையும் போகவில்லை. தலைமையகத்துக்கு வேறு ஒருவர் போனார். அங்கே எனக்கென்று பார்த்துவைத்த அறையில் ஏர்கான் மிக நன்றாக இருக்குமாம். இப்போதும் நினைத்தால் எனக்கு வியர்க்கிறது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிதாக ஒன்றுமில்லை. எண் தவறாக வந்தால் எல்லாரும் தேடுவார்கள், நீங்களும் தேடுவீர்கள். எண் நீங்கள் ஆசைப்பட்டபடி வந்தால், அன்றைக்கு எழுந்து போய்ப் போத்தல் எங்கே, எந்நேரம் முங்கியது என்று பாருங்கள். போத்தலை முக்குகிற ஆளோடு பேசுங்கள். முக்கியமாக, அவரிடம் ஜோக் அடிக்காதீர்கள்.

அந்தப் பங்கிட்ட தண்ணீரை எப்படி எடுத்தோம் என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

மறுவாரம், காலை பத்து மணி வாக்கில் கடல் வற்றியிருந்தது. பவானி ஐஸ் பெட்டியோடு பண்டு மேல் நின்றார். மேரி நடக்க ஒரு நீள மரப்பலகையோடு வந்திருந்தார். அந்த 'மாதிரி எடுக்குமிடம்' பலகையை நான் அன்றுதான் முதன்முதலில் நேரில் பார்த்தேன். கீழே, சாம்பல் நிறச் சேற்றின் நடுவே, கால்வாய் நீர் ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. உப்பு வாசமே இல்லை. இந்தத் தடவை நானேதான் இறங்குவேன் என்றேன்.

"பலகையப் போட்டு நடங்க சார். சேறு இழுக்கும்," என்றார் மேரி.

"நான் இந்த ஊர்க்காரன்மா. சேறு என்ன புதுசா?"

பவானி முதல் முறையாகச் சிரித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் முகத்தை மாற்றிக்கொண்டார்.

முதல் அடி கணுக்கால். இரண்டாவது முழங்கால். மூன்றாவதை எடுத்து வைத்தபோது தொடை. ஓடும் நீரை எட்டிவிட்டேன். முறைப்படி, மேலே மிதப்பது புகாமல், சேறு கலங்காமல், போத்தலை நிரப்பி மூடினேன். இவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் ஒரு மாதிரி எடுத்ததில்லை. பெருமையோடு திரும்பப் பார்த்தேன். மேல் பாதி திரும்பியது. கீழ் பாதி வரவில்லை. ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் இறங்கியது. இடுப்பு வரை வந்துவிட்டது. ஒரு நண்டு என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனது.

"சார், ஆடாதீங்க!" என்று பவானி மேலிருந்து கத்தினார்.

மேரி பலகையைச் சேற்றின் மேல் தள்ளிப்போட்டு, அதில் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தார். ஒரு கையில் போத்தலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மறு கையை அவரை நோக்கி நீட்டினேன். பெல்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"மேரி! கையப் புடி மேரி! உள்ள போய்க்கிட்டே இருக்கேன்!"

மேரி நீட்டிய கையைப் பார்க்கவே இல்லை.

"மொதல்ல போத்தலக் குடுங்க சார்."